ஆயுத பூஜைக்கு வெளுத்த கயிறு

முரளி, அம்மா எழுதுகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கயிறு வீட்டில் இல்லை. இன்று காலை அதை வெட்டிவிட்டேன். உன் நைனாவின் கத்தியை எடுத்து, வாசலில் கட்டை போட்டு, முழத்துக்கு ஒரு வெட்டாக வெட்டி, கோணியில் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டேன். வண்டிக்காரன் கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நல்ல கயிறாட்டம் கீதே, துணி காயப்போடவாவது ஆவுமே" என்றான். "ஆவாது, எடுத்துக்கினு போ" என்றேன். துணி காயப்போடக்கூட வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்குத் துணி காய்கிற கயிறு நாளைக்கு ஓர் அவசரத்துக்கு மரத்துக்குப் போகும். நம் வீட்டுச் சாமான் எது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், ஆனால் இதை முடியப் படித்துவிட்டுக் கோபப்படு. போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நான் அந்தப் பேச்சை எடுத்தாலே நீ "விடும்மா, அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு" என்பாய், நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். நாலு மாதமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். ஐந்தாவது படித்தவளின் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். நீயும் தமிழ் ஸ்கூலில் நாலாவது வரை படித்துவிட்டுக் கன்னடத்துக்குப் போனவன். மெதுவாகப் படி. தெரியாத எழுத்தை ரேகாவிடம் கேள், உன் பெண்டாட்டி வேலூரில் பத்தாவது முடித்தவள். ஆனால் முதல் தடவை நீ தனியாகப் படி. பாஷா பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அவரிடம் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணினாய். மரம் வெட்டுகிற கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீயே ஆள் வைத்து எடுத்துச் செய்யப்போவதாகவும், பூஜை முடிந்த மறுநாளே முதல் மரம் என்றும் சொன்னாய். எனக்குச் சந்தோஷம்தான். அடுத்து நீ சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. "கம்பெனி கயிறு மாதிரி நானும் ஒண்ணு வாங்கிட்டேன்மா, பெல்ட்டும் வாங்கிட்டேன். ஆனா மொத மரம் மட்டும் நைனா கயித்துலதான் ஏறுவேன். ஞாயித்துக்கெழம வரேன், எடுத்து வை. அறுக்கற மிஷின் வேணாம், அது அங்கயே கெடக்கட்டும்" என்றாய். நான் சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு வெகுநேரம் கட்டிலுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு அங்கே சுருட்டிக் கிடந்தது. உனக்கு அந்தக் கயிறு நைனா. எனக்கு அது வேறு.

நைனா ஏறுகிற காலத்தில் நம்மிடம் பெல்ட்டும் கிடையாது, ஹெல்மெட்டும் கிடையாது. கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு நீள நைலான் கயிறு, கத்தி, கை ரம்பம், ஓர் ஏணி. அந்த ஒரே கயிற்றை அவர் இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை மேல் கவட்டையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவார். இன்னொரு பாதி, வெட்டுகிற கிளையைக் கட்டி இறக்குவதற்கு. அந்த இறக்குகிற கயிற்றின் நுனி என் கையில் இருக்கும். பக்கத்து மரத்தின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றிக்கொண்டு, அவர் மேலிருந்து சொல்லச் சொல்ல விடுவேன். இருபது வருஷம் அதுதான் என் வேலை. புதிதாக நம்மைக் கூப்பிடுகிற வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து, "ஆம்பள ஆள் இல்லையா?" என்று கேட்பார்கள். நைனா மேலிருந்தே கத்துவார்: "அவ பிடிச்சாதான் சார் நான் வெட்டுவேன். ஆம்பளைங்க பீடிய எடுக்கக் கயித்த விட்டுடுவானுங்க." பாஷா பாய் கீழே கிளை இழுத்துக்கொண்டிருப்பார், அவருக்குப் பீடிப் பழக்கம். "என்ன அண்ணா, சந்துல சிந்து பாடறீங்க" என்பார். அப்படிச் சிரித்துக்கொண்டுதான் வேலை நடந்தது.

தினம் காலையில் ஏறுவதற்கு முன்னால் நைனா கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை முழுக்கக் கையில் உருவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது என்பார். ஒரு இழை அறுந்திருந்தால் நின்றுவிடுவார். அந்தக் கையை எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். என் அப்பா கோலார் சுரங்கத்தில் இருந்தவர். ஆள் இறங்குகிற கூண்டின் கம்பிக் கயிற்றைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஓர் ஆள் உண்டு, அவன் சரி என்று சொன்னால்தான் கூண்டு இறங்கும் என்று சொல்வார். நம் வீட்டில் அந்த ஆள் உன் நைனா என்று நினைத்துக்கொள்வேன்.

மிஷின் நம் வீட்டுக்கு வந்து, வருகிற பூஜையோடு மூன்று வருஷம் ஆகிறது. அப்போது நீ பொம்மசந்திராவில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். நைனாவுக்கு மரம் அறுக்கிற அந்தச் சங்கிலி மிஷினை வாங்கிக் கொடுத்து, "பூஜையில இதையும் வை நைனா" என்றாய். அவர் முதலில் முனகினார், "கை ரம்பம் போதாதாடா, இது இன்னா மோட்டார் சைக்கிளாட்டம் கத்துது" என்று. அப்புறம் பக்கத்து வீடெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பூஜைக்குச் சாமான் எல்லாம் கழுவி வைக்க வேண்டும், அது எப்போதும் என் வேலை. ஏணியைத் துடைத்தேன், கத்திக்கு எண்ணெய் போட்டேன். புது மிஷின் பளபளவென்று இருக்கிறது, பக்கத்தில் கயிறு பலாப்பால் ஒட்டிக் கறுப்பாக, நாற்றமடித்துக்கொண்டு கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. இந்திரா நகரில் நான் பாத்திரம் துலக்கப் போகிற வீட்டில் பாத்ரூம் கறையெல்லாம் ப்ளீச்சிங் பவுடரில்தான் போகும். அதில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, நீலத் தண்ணீர் டிரம்மில் கரைத்து, இரண்டு கயிற்றையும் உள்ளே போட்டு மேலே கல்லை வைத்து அழுத்தினேன். மறுநாள் வரை ஊறியது. எடுக்கும்போது அடியில் கரையாத பவுடர் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தது. முதலில் உள்ளே போட்டது ஏறுகிற கயிறு. அதுதான் அந்தச் சுண்ணாம்பில் கிடந்தது. அலசி, தகர ஷீட்டின் மேல் மூன்று நாள் வெயிலில் போட்டேன்.

கயிறு வெள்ளை வெளேர் என்று வந்தது. நைனா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "யாரு மே இது, புதுப் பொண்ணு?" என்றார். கையில் எடுத்து உருவினார். கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, வெயில் பட்டது, இரண்டு மரம் ஏறினால் பழகிவிடும் என்றார். நான் மஞ்சள் குங்குமம் வைத்தேன், பூ சுற்றினேன். நீ அன்றைக்கு எடுத்த போட்டோவில் பார், மிஷினுக்குப் பக்கத்தில் கயிறு இருக்கிறது. அந்தப் போட்டோவை ஒரு வருஷம் போனில் வைத்திருந்தேன். பிறகு ரேகாவிடம் சொல்லி அழித்துவிட்டேன்.

அடுத்து வந்த சித்திரையில் அந்த சில்வர் ஓக் மரம். மழைக்கு முன்னால் வெட்டிவிடுங்கள் என்று வீட்டுக்காரர் பர்மிஷன் வாங்கி வைத்திருந்தார். நீ ஷிப்டில் இருந்தாய், அதனால் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் உனக்குத் தெரியும். நான் பார்த்ததை இதுவரை முழுதாக உனக்குச் சொன்னதில்லை. நைனா மேலே இடுப்புக் கயிற்றில் சாய்ந்து, மிஷினால் பெரிய கிளையை அறுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிளையின் கயிறு என் கையில், மாமரத்தில் இரண்டு சுற்று. கிளை முறிந்து கயிற்றில் தொங்கியது. அந்த அதிர்ச்சியில் அவர் பின்னால் சாய்ந்தார். சாய்ந்தவர் நிற்கவில்லை. இடுப்புக் கயிறு அறுந்து கீழே போனார். கிளை நேராக அவர் விழுந்த இடத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நான் கயிற்றை விட்டுவிட்டு ஓடியிருந்தால் அது அவர்மேல் வந்திருக்கும். அதனால் பிடித்துக்கொண்டே நின்றேன். பாஷா பாய் ஓடிவந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டு, "அக்கா, இப்ப விடுங்க" என்று கத்துகிற வரைக்கும் நின்றேன். அவருக்கு உயிர் இருந்த கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை, பத்தடி தள்ளி ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அப்போது தெரியவில்லை. இதில் என் தப்பு எதுவும் இல்லை என்று எனக்கே தெரியும். தப்பு இனிமேல்தான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையையும் இடுப்பிலிருந்து அவிழ்த்த கயிற்றுத் துண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நீ கம்பெனி யூனிபார்மோடு ஓடி வந்தாய். பாஷா பாய் உன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மிஷின் பட்டுடுச்சு பேட்டா. அண்ணா சாயும்போது சங்கிலி கயித்துல பட்டுடுச்சு. வேற எப்படி அறும்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தார். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நான் வாங்கிக் குடுத்ததும்மா" என்றாய். கவர் என் மடியில் இருந்தது. நான் அதற்குள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன்.

மிஷின் அறுத்த கயிறு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். கத்தி போட்ட மாதிரி ஒரே மட்டமாக இருக்கும், ஓரம் சூட்டில் உருகி முடிச்சு முடிச்சாக இருக்கும், சங்கிலி எண்ணெய் கறுப்பாகப் படிந்திருக்கும். இந்த முனையில் எண்ணெய் இல்லை. ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு நீளத்தில் பிய்ந்து, பஞ்சு மாதிரி நின்றது. விரலில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. மிஷின் படவில்லை, கயிறு தானாக அறுந்தது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஏன் அறுந்தது என்றுதான் தெரியாது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்றால், கயிறு தானாக அறுந்தது என்று சொன்னால் ஊர் என்ன பேசும் என்று யோசித்தேன். கயிறு பார்க்கத் தெரியாமல் ஏறினான் என்று அவரைப் பேசுவார்கள். கையால் உருவியே சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கின மனுஷன். செத்த பிறகு அந்தப் பேர்தானே மிச்சம், அது நிற்கட்டும் என்று நினைத்தேன். மிஷின்மேல் பழி போனால் மிஷினுக்கு என்ன வலிக்கப் போகிறது என்று நினைத்தேன். அந்தப் பழி மிஷினோடு நிற்காது, வாங்கிக் கொடுத்தவன்மேல் வந்து உட்காரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, முரளி. நீ அழுததைப் பார்த்துக்கொண்டேதான் கவரைச் சுருட்டி இடுப்பில் செருகினேன். காரியம் முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு உன் கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். நீ பொம்மசந்திராவை விட்டு மரக் கம்பெனிக்குப் போனாய். அங்கே எல்லோரும் மிஷின் பிடிக்கும்போது நீ மட்டும் கை ரம்பம் வைத்துக்கொண்டு ஏறுகிறாய், உன்னைக் 'கைரம்பம்' என்றே கூப்பிடுகிறார்கள் என்று ரேகா சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் நீ டிரெய்னிங் முடித்து வந்தாயே, அன்றைக்குத்தான் மிச்சமும் தெரிந்தது. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நீ புதுக் கயிற்றோடு வந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "யம்மா, இந்தக் கயித்துக்குப் பெரிய பத்தியம்மா. ஆசிட் ஆகாதாம், ப்ளீச்சிங் ஆகாதாம், வெயில்ல காய வைக்கக் கூடாதாம். உள்ளயே செத்துடுமாம், மேல பாத்தா ஒண்ணும் தெரியாதாம்" என்றாய். "பச்சத் தண்ணில அலசி நெழல்ல போடணுமாம். மாப்பிள்ளையக் கூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க" என்று ரேகாவைச் சீண்டினாய். அவள் உன்மேல் துண்டை வீசினாள். என் கையில் முறம் அப்படியே நின்றது. என்னம்மா என்று நீ கேட்டாய். கல்லு, என்றேன்.

மேலே பார்த்தால் தெரியாது என்றாய். கையில் உருவினாலும் தெரியாது. அவர் கை ஏமாறவில்லை, கைக்குத் தெரிகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. அவர் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அந்தப் பேருக்கு எந்தக் குறையும் இல்லை. கெடுத்தது நான். தெரியாமல் கெடுத்தேன், சுத்தம் பண்ணுகிறேன் என்று கெடுத்தேன். அதற்கு நான் அழுது முடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், அது என்னோடு இருக்கும். ஆனால் அது தெரியாமல் செய்தது. மிஷின் இல்லை என்று தெரிந்தும் உன்னைச் சுமக்க விட்டது தெரிந்து செய்தது. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பது இந்த இரண்டாவதுக்கு.

கட்டிலுக்கு அடியில் இருந்தது கிளை இறக்குகிற பாதி. அன்றைக்கு அது அறவில்லை, அவ்வளவு பெரிய கிளையைத் தாங்கியது. அதனால் ஒருவேளை நல்லதாக இருக்குமோ என்று புதன்கிழமை பாஷா பாயைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தேன். மாடிப்படி இரும்பில் கட்டி, தண்ணீர் கேன் ஒன்று தொங்கவிட்டோம், பிறகு இரண்டு, பிறகு மூன்று. அறவில்லை. "கயிறு மஸ்தா இருக்கு அக்கா, இன்னா டவுட்டு உங்களுக்கு?" என்றார். அறுந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். ஆனால் அதே டிரம்மில், அதே தண்ணீரில் ஊறிய கயிறு. எந்த முழத்தில் செத்திருக்கிறது, எந்த முழத்தில் இல்லை என்று கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. நல்லதா கெட்டதா என்று தெரியாத கயிறு கெட்ட கயிறுதான். அதில் நீ ஏறி நிற்கிற மரத்துக்குக் கீழே நான் நிற்க மாட்டேன். அதனால் வெட்டினேன்.

உனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் நான் இப்போது இல்லை. இருந்தாலும் ஒன்றிரண்டு சொல்கிறேன், தொழில் நீ எடுத்து நடத்தப் போகிறாய். சாமானைப் பற்றி உனக்குத் தெரிந்ததை வீட்டில் இருப்பவளுக்கும் சொல். ரேகா ஆசையாகக் கழுவ வருவாள், பூஜை என்றால் யாருக்கும் கை சும்மா இருக்காது. எதை எதில் கழுவலாம், எதைத் தொடக் கூடாது என்று அவளிடம் உட்கார்ந்து சொல். நைனா என்னிடம் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. உனக்குத் தெரியும். கயிறு வாங்கின மாதத்தை அதன் தலையில் எழுதிக் கட்டு. கீழே நிற்கிற ஆள் யாராக இருந்தாலும், ஏதோ சரியில்லை, இறங்கு என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் இறங்கு. இறங்கின பிறகு சண்டை போடு. உன்னோடு ஏறுகிறவர்களுக்கு இந்தக் கடிதத்தில் கயிறு வருகிற இடத்தை மட்டுமாவது படித்துக் காட்டு. என் பேரைச் சொல்லியே படி, எனக்கு வெட்கமில்லை. இன்னொரு வீட்டில் ஒருத்தி ப்ளீச்சிங் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் போதும்.

பாஷா பாயிடம் நானே சொல்லிவிடுகிறேன். அவரும் அந்த மிஷினைப் பார்த்துப் பார்த்து இரண்டரை வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனாலும் நான் கேட்டதற்காக மாதம் ஒருதரம் வந்து அதை ஓட்டி வைத்துவிட்டுப் போகிறார். உடைந்த கைப்பிடியை மாற்றிவிட்டார். உனக்குத் தெரியாது. என்றைக்காவது நீ எடுப்பாய் என்றுதான் அதைக் கெடாமல் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. மிஷினைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, கூடத்தில் வைத்திருப்பேன். பக்கத்தில் நைனாவின் டிபன் டப்பா இருக்கும். அன்றைக்கு அறுந்த கயிற்றின் முனை அதில்தான் இத்தனை நாளும் இருக்கிறது. திறந்து, விரலால் தொட்டுப் பார். நான் சொல்வதை நம்ப வேண்டாம், உன் கை சொல்வதை நம்பு. பார்த்துவிட்டு மிஷினை எடுத்துக்கொண்டு போ, இந்தப் பூஜைக்கு அதை உன் வீட்டில் வை. என்னோடு பேசத் தோன்றவில்லை என்றால் பேசாமல் போ. நான் அடுப்பங்கரையில் இருப்பேன். ரேகாவையும் சேர்த்து மூன்று பேருக்கும்தான் உலை வைப்பேன்.

இப்படிக்கு,
அம்மா